கல்முனைக்கு வருகிறவர் கேட்கக்கூடாத கேள்வி

என் தங்கையின் மகன் கொழும்பில் ஒரு நிறுவனத்தில் கணக்காளராகப் பணிபுரிகின்றான். அலுவலக வேலையாகப் பத்து நாட்கள் ருவாண்டாவுக்குச் செல்ல வேண்டியிருந்தது. புறப்படுவதற்கு முன்னர் நாவிதன்வெளிக்கு வந்திருந்தபோது, "மாமா, பத்திரிகையில இவ்வளவு காலம் இருந்த நீங்க, அங்க போனா எப்பிடி நடக்கணும் எண்டு ஒள்ளுப்பம் சொல்லுங்களன்" என்றான்.

நான் அந்த நாட்டைக் கண்டவன் அல்லன். அதனோடு எனக்குள்ள தொடர்பு ஒன்றே ஒன்றுதான். 1994ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூலை வரையான சுமார் நூறு நாட்களில் அங்கு எட்டு இலட்சம் பேர் வரையில் கொல்லப்பட்டபோது, செய்தி நிறுவனங்கள் அனுப்பிய ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கி வெளிநாட்டுப் பக்கத்தில் இட்டவர்களுள் நானும் ஒருவன். ஹூட்டு, டுட்சி என்ற பெயர்களை எவ்வாறு தமிழில் எழுதுவது என்பதுகூட அன்று ஆசிரியபீடத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. நாளுக்கு ஒருவிதமாக எழுதினோம். எங்கள் நாட்டுச் சாவுகளே பக்கங்களை நிரப்பிய காலம் அது. ருவாண்டாவுக்கு ஒற்றைப் பத்திதான் கிடைத்தது.

எனவே மருமகனுக்காகப் பயண வழிகாட்டிகளை வாசிக்கத் தொடங்கினேன். நல்ல அறிவுரைகள் பல இருந்தன. கிகாலி கடல் மட்டத்திலிருந்து 1500 மீற்றருக்கு மேல் உயரமான நகரம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருந்தாலும் இரவில் குளிரும், ஒரு கம்பளிச் சட்டை அவசியம். நேரம் எங்களைவிட மூன்றரை மணித்தியாலம் பிந்தியது. வாகனங்கள் வீதியின் வலப்புறம் ஓடும். எங்களைப் போல வலது பக்கம் பார்த்துவிட்டு வீதியில் இறங்கினால் இடது பக்கமிருந்து வந்து மோதும். வாடகை மோட்டார் சைக்கிளில் பின்னால் இருப்பவருக்கும் தலைக்கவசம் தருவார்கள், அணியாமல் ஏறக்கூடாது. பொலித்தீன் பைகளை 2008ஆம் ஆண்டிலேயே தடைசெய்துவிட்டார்கள். பயணப்பெட்டிக்குள் உடுப்புச் சுற்றிய பொலித்தீனை விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். (கருவாட்டை எதில் சுற்றுவது என்று தங்கை கேட்டாள். கருவாடே வேண்டாம் என்றேன்.) மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலையில் ஊர் முழுவதும் கூடி வீதி துப்புரவாக்கும், 'உமுகண்டா' என்று அதற்குப் பெயர், அந்த நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும். ஏப்ரல் 7ஆம் திகதி தொடங்கும் வாரம் நினைவு வாரம். அப்போது கேளிக்கைகள் இல்லை.

மலேரியா பற்றியும் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் நாடு 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தினால் சான்றளிக்கப்பட்டது. அதனால் இங்குள்ள இளம் வைத்தியர்களுள் பலர் மலேரியா நோயாளியைக் கண்டிருக்க மாட்டார்கள். ஆபிரிக்கா செல்கிறவர் புறப்படுவதற்கு முன்பே மலேரியா ஒழிப்பு இயக்கத்திடம் தடுப்பு மாத்திரை பெற வேண்டும். திரும்பி வந்த பின்னர் காய்ச்சல் கண்டால், வைத்தியர் கேட்கும்வரை காத்திராமல் "நான் ஆபிரிக்கா போய் வந்தேன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். இது உயிர் காக்கும் அறிவுரை.

ஆயினும் நான் நின்று மீண்டும் வாசித்தது வேறொரு வரியை. எவரிடமும் "நீ ஹூட்டுவா, டுட்சியா" என்று கேட்காதே என்பதே அது. ஏறத்தாழ எல்லா வழிகாட்டிகளும் அதை ஏதோ ஒரு விதத்தில் சொல்கின்றன. பெல்ஜியர் ஆட்சியில் 1930களில் அடையாள அட்டைகளில் இனம் பொறிக்கப்பட்டது. 1994இல் வீதித் தடைகளில் அந்த அட்டையைப் பார்த்தே பலரைக் கொன்றார்கள். இன்று அங்கு அட்டையில் இனம் இல்லை. முப்பது வயதுக்கு மேற்பட்ட எவரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்பது, அந்த வீதித் தடையில் நின்றவன் கேட்ட கேள்வியைத் திரும்பக் கேட்பதாகும்.

கிகாலிக்குச் செல்கிறவருக்கு இவ்வளவு நுணுக்கமாக அறிவுரை சொல்லும் உலகம், கல்முனைக்கு வருகிறவருக்கு என்ன சொல்கின்றது? ஒன்றும் சொல்வதில்லை. அறுகம்பையில் அலை எப்போது எழும் என்று சொல்லும். அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ எழுபது கிலோமீற்றர் தூரத்தில் உள்ள எங்களை பஸ் கண்ணாடிக்கு வெளியே விட்டுவிடும். அல்லது எச்சரிக்கை விடும். 2024 ஒக்டோபர் 23ஆம் திகதி அமெரிக்கத் தூதரகம் அறுகம்பைப் பகுதியைத் தவிர்க்குமாறு தன் நாட்டவருக்கு அறிவித்தது. இஸ்ரேலியப் பயணிகளுக்கு ஆபத்து என்பது காரணம். ஒரு நாளில் அறைகள் காலியாகத் தொடங்கின. எச்சரிக்கை விடுவதைக் குறைசொல்ல மாட்டேன்; 2019ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறுக்கு முன்னர் கிடைத்த எச்சரிக்கையைக் கவனியாது விட்டதன் விலையை இந்த நாடு கண்டது. ஆனால் அலைக்கும் ஆபத்துக்கும் நடுவில் மனிதர் வாழும் ஊர்கள் இருக்கின்றன. அவற்றுக்கு எப்படி வருவது என்று எழுத ஒருவரும் இல்லை.

புலம்பெயர்ந்த தமிழரும் தமிழ்நாட்டுத் தமிழரும் இப்போது அடிக்கடி வருகின்றார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகின்றேன். வெள்ளைக்காரப் பயணி எங்களுக்குப் பெரிய சங்கடத்தைத் தருவதில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது. சங்கடத்தைத் தருபவர் தமிழ் தெரிந்தவரே.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ரொறொன்ரோவிலிருந்து வந்த குடும்ப நண்பர் ஒருவரைக் கல்முனைக்கு அழைத்துச் சென்றேன். பஸார் வீதியில் ஒரு தேநீர்க் கடை. அதன் உரிமையாளரை முப்பது வருடங்களாக அறிவேன். நான் அவரைக் காக்கா என்பேன், அவர் என்னை அண்ணன் என்பார். இருவரில் யார் மூத்தவர் என்று ஒருநாளும் கணக்குப் பார்த்ததில்லை. நண்பர் வடையைக் கடித்துக்கொண்டே, "ஐயா நல்ல வடிவாத் தமிழ் கதைக்கிறீங்கள். நீங்களும் தமிழர்தானே? பிறகேன் முஸ்லிம் எண்டு பிரிஞ்சு நிக்கிறீங்கள்?" என்று கேட்டார். கேட்டவர் மனதில் கெடுதல் இல்லை. உறவு கொண்டாடுவதாகவே நினைத்தார்.

காக்கா மேசையைத் துடைத்தார். "தேத்தண்ணி ஆறுது தம்பி, குடிங்க" என்றார். புறப்படும்போது நான் நீட்டிய காசை வாங்கிக்கொண்டார். வழமையில் அவர் என்னிடம் வாங்குவதில்லை.

நண்பருக்கு இதை வண்டியில் விளக்க முயன்றேன். இலங்கை முஸ்லிம்களுக்குத் தமிழ் தாய்மொழி. ஆனால் தமிழர் என்பது இங்கு ஓர் இனப் பெயர், மொழிப் பெயர் மட்டுமன்று. தமிழ்நாட்டில் ஒருவர் தமிழராகவும் முஸ்லிமாகவும் ஒரே மூச்சில் இருக்கலாம். இங்கு அவ்வாறு இல்லை. பிறப்புச் சான்றிதழில் தொடங்கி சனத்தொகைக் கணக்கெடுப்பு வரை அவர்கள் வேறு இனத்தவர். அது சரியா தவறா என்பது நீண்ட விவாதம். ஆனால் அந்த வேறுபாடு இரத்தத்தினால் இறுகிப் போனது. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே ஆகஸ்ட் மாதத்தில் வீரமுனையில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். இவை இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதற்கு எங்கள் பக்கத்தில் இன்றும் பலருக்கு மனம் வராது; தங்கள் பக்கத்துச் சாவை மட்டும் சொல்வார்கள். கல்முனைத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து ஏன் பிரிந்து நிற்கின்றீர்கள் என்று கேட்பவர், தெரியாமலே அந்த ஆண்டைத் தொடுகின்றார்.

இதே தவற்றின் மறுபக்கத்தையும் கண்டிருக்கின்றேன். கொழும்பிலிருந்து வந்த பத்திரிகை நண்பர் ஒருவர் எங்கள் ஊர் விவசாயியிடம், "முஸ்லிம்கள் உங்கள் காணிகளைப் பிடித்துவிட்டார்களாமே" என்று ஒலிவாங்கியை நீட்டினார். அந்த மனிதருக்கு ஒரு முஸ்லிம் வியாபாரியிடம் நெல்லுக் காசு வர இருந்தது. ஒரு முஸ்லிம் உழவு இயந்திரக்காரருக்கு அவர் காசு கொடுக்க இருந்தது. எதைச் சொன்னாலும் அவருக்குக் கெடுதல்தான். "மழை பிந்திட்டு" என்று மட்டும் சொன்னார். நண்பருக்குச் செய்தி கிடைக்கவில்லை என்று வருத்தம். கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தும் விவகாரமும் இப்படியே. 2019 ஜூனில் உண்ணாவிரதம்வரை போன அந்தப் பிரச்சினையில் எனக்கும் ஒரு கருத்து உண்டு. ஆனால் இரண்டு நாள் தங்க வருகிறவர் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தீர்ப்பைக் கையில் வைத்திருக்கக்கூடாது.

ஒரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். ருவாண்டாவில் அந்த மௌனத்தின் பின்னால் சட்டம் இருக்கின்றது. இனப் பிரிவினை பேசுவது அங்கு தண்டனைக்குரியது. அந்தச் சட்டம் அரசை விமர்சிப்பவர்கள் மீதும் பாய்ந்ததாக மனித உரிமை அமைப்புகள் குற்றஞ்சாட்டியிருக்கின்றன. நான் கேட்பது அந்த மௌனத்தை அன்று. இங்கு மனிதர் பேசத்தான் செய்வார்கள். மூன்றாம் நாள், நாலாம் நாள், வீட்டுத் திண்ணையில், அவர்களாகவே தொடங்குவார்கள். அப்போது வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். முதல் நாளில் நீங்கள் தொடங்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

இனி, வருவது எப்படி என்று சொல்கின்றேன். ரயிலில் வருவோருக்கு மட்டக்களப்புதான் கடைசி நிலையம். அங்கிருந்து கல்முனைக்கு ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர். அந்த பஸ்ஸில் யன்னலோரம் இருந்து ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். காத்தான்குடி முஸ்லிம் ஊர், ஆரையம்பதி தமிழ் ஊர், களுவாஞ்சிக்குடி தமிழ், மருதமுனை முஸ்லிம், பாண்டிருப்பு தமிழ். கல்முனையைத் தாண்டினால் சாய்ந்தமருது முஸ்லிம், காரைதீவு தமிழ், நிந்தவூர் முஸ்லிம். பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று எங்கள் அரசியல்வாதிகள் மேடைதோறும் சொல்லும் உவமை இந்த வீதியைப் பார்த்தே பிறந்திருக்க வேண்டும். (குழலுக்குள் பிட்டும் பூவும் கலப்பதில்லை, அடுக்கடுக்காகத்தான் நிற்கும் என்பதை அவர்கள் சொல்வதில்லை.)

காலம் முக்கியம். கொழும்பு, காலிப் பக்கத்துச் சுற்றுலாக் காலமான டிசம்பர், ஜனவரி எங்களுக்கு மாரி. மே முதல் செப்டெம்பர் வரை வாருங்கள். வைகாசியில் வந்தால் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கும் திருக்குளிர்த்தியும் காணலாம். அந்த நாட்களில் பல தமிழ் வீடுகளில் மீனும் இறைச்சியும் சமைக்க மாட்டார்கள், கடல் பக்கத்தில் இருந்துகொண்டு மரக்கறி தருகின்றார்களே என்று முகம் சுளிக்காதீர்கள். புரட்டாதியில் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் பாரதக் கதையை ஒட்டிய பதினெட்டு நாள் விழா தீமிதிப்போடு முடியும். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக ஆண்டுதோறும் ஜமாதுல் ஆகிர் மாதத்தில் கொடியேற்றுவார்கள். இந்தக் கொடியேற்றத்தை ஏற்காத முஸ்லிம்களும் அதே ஊரில் இருக்கின்றார்கள். அதையும் முதல் நாளில் கேட்காதீர்கள்.

காரைதீவு வழியாகப் போகிறவர் அது விபுலானந்த அடிகள் 1892இல் பிறந்த ஊர் என்பதை அறிந்து போக வேண்டும். மருதமுனையில் கைத்தறிச் சாரமும் சேலையும் தறிக்காரரிடமே வாங்கலாம். பேரம் பேசலாம், ஆனால் ஒரு சாரத்துக்குப் பின்னால் எத்தனை மணித்தியாலம் என்று முதலில் தறியைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் முஸ்லிம் ஊர்களில் கடைகள் பூட்டியிருக்கும். ஜும்ஆ முடிந்தபின் திறப்பார்கள். அதற்குள் கதவைத் தட்டாதீர்கள். நோன்பு மாதத்தில் பகலில் வீதியில் நின்று குடிப்பதும் புகைப்பதும் வேண்டாம். மாறாக, நோன்பு திறக்கும் நேரத்தில் ஒரு வீட்டுக்கு அழைத்தால் மறுக்காமல் போங்கள்; அந்தக் கஞ்சியை வேறு எங்கும் குடிக்க முடியாது. அறுகம்பையில் கடற்கரைக்கு உடுத்த உடுப்போடு பொத்துவில் பஸாருக்குள் நடப்பவர்களைப் பார்த்திருக்கின்றேன். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சொல்லாதது சம்மதம் அன்று.

படம் எடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே; பத்தாயிரத்துக்கும் அதிகமானோர். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கல்முனையிலும் கரையோரத் தெருக்கள் இருந்த இடம் தெரியாமல் போயின. அந்தக் கடற்கரையில் ஒரு வயதானவர் தனியே உட்கார்ந்திருந்தால் அது அழகான காட்சி என்று கமராவை எடுக்காதீர்கள். அவர் ஏன் அங்கு உட்கார்ந்திருக்கின்றார் என்பது உங்களுக்குத் தெரியாது. பெண்களை அவர்கள் அனுமதியின்றி எடுக்கக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன். தேவைப்படுகின்றது.

கல்முனையிலிருந்து மேற்கே, நீரைக் கடந்தால் எங்கள் நாவிதன்வெளி. இங்கு பார்ப்பதற்கு என்ன இருக்கின்றது என்று கேட்டால் வயல் இருக்கின்றது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீர் பாயும் வயல். தமிழரும் முஸ்லிம்களும் இருக்கின்றோம்; சொறிக்கல்முனையில் பழைய திருச்சிலுவை ஆலயமும் கத்தோலிக்கரும் உண்டு. எருமைத் தயிர் உண்டு. வடக்கே மண்டூர் முருகன் கோயிலுக்குப் போகலாம்; அங்கிருந்து குருமன்வெளிக்கு வாவியைக் கடக்கும் 'பாதை'யில் ஏறினால், மோட்டார் சைக்கிளும் மாடும் மணப்பெண்ணும் ஒரே தட்டில் நிற்பதைக் காணலாம். அந்தி சாய்ந்தபின் வயல் வீதிகளில் மோட்டார் சைக்கிளில் தனியே போகாதீர்கள், யானை வரும். வாவியோரத்தில் கால் நனைக்க ஆசைப்படாதீர்கள், முதலை உண்டு.

இவை எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து தாம்போதி. கல்முனைக்கும் எங்களுக்கும் இடையே கிட்டங்கியில் எத்தனையோ மாரிகளில் வீதிக்கு மேலாக வெள்ளம் பாய்ந்து ஊர் துண்டாகியிருக்கின்றது. உள்ளூர் ஆட்கள் கயிற்றைப் பிடித்தும் உழவு இயந்திரத்தில் ஏறியும் கடப்பதைப் பார்த்துவிட்டு வெளியூர் ஆட்களும் துணிவு கொள்கின்றார்கள். 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவுக்கு அருகில் மாவடிப்பள்ளியில், மத்ரஸா மாணவர்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துச் சென்றது. சிறு பிள்ளைகள் இறந்தார்கள். அவர்களைத் தேடித் தண்ணீரில் இறங்கியவர்களிடம் எவரும் நீ யார் என்று கேட்கவில்லை.

மருமகன் கிகாலியிலிருந்து திரும்பிவிட்டான். பொலித்தீன் பையைத் தவிர எல்லா அறிவுரையையும் கடைப்பிடித்தானாம். பையை விமான நிலையத்தில் எடுத்துவிட்டார்கள். அங்கு வாடகைக் கார் ஓட்டியவர், இவன் இலங்கையன் என்று அறிந்ததும், "நீங்கள் சிங்களவரா, தமிழரா?" என்று கேட்டாராம். "என்ன சொன்னாய்?" என்றேன். "அக்கவுண்டன் எண்டு சொன்னன் மாமா" என்றான்.

அடுத்த மாரிக்கு முன்னர் அவனுடைய அலுவலக நண்பர்கள் சிலர் எங்கள் ஊருக்கு வர இருக்கின்றார்களாம். ஒக்டோபர் நடுவுக்குப் பிறகு வருவதானால், கல்முனை பஸ் நிலையத்தில் இறங்கியதும் எனக்குத் தொலைபேசி எடுக்கச் சொல்லியிருக்கின்றேன். தாம்போதியில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் அன்றிரவு கல்முனையிலேயே தங்கட்டும். தேநீர்க் கடைக் காக்காவிடம் சொல்லி வைத்திருக்கின்றேன். இடம் பார்த்துத் தருவார்.